மென் பாஸ்டல் ஓவியம்: சோதனைகளின் வரலாறு

மென் பாஸ்டல் என்பது நிறமித் தூளுடன் சுண்ணப்பொடியும் மிகக் குறைந்த அளவு பிசினும் சேர்த்துக் குச்சியாக உருட்டி உலர்த்தப்படும் வண்ணப்பொருள். பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் எண்ணெய் பாஸ்டலிலிருந்து இது வேறுபட்டது. பிசின் குறைவாக இருப்பதால் தூள் தாளின் சொரசொரப்பில் தங்கி நிற்குமே தவிர, இறுக ஒட்டிக்கொள்ளாது. வண்ணம் பளிச்சென்று தெரிவதற்கும், விரல் பட்டால் படம் கலைவதற்கும் இதுவே காரணம். இந்தப் பலவீனத்தோடு ஓவியர்கள் நடத்திய சோதனைகளே பாஸ்டலின் வரலாறாக அமைந்தன.

ஐரோப்பாவில்

வெனிஸ் ஓவியர் ரோசல்பா கரியேரா 1720-21 ஆம் ஆண்டுகளில் பாரிஸில் தங்கி வரைந்த உருவப்படங்கள், பிரான்சில் பாஸ்டலுக்குப் பெரும் மதிப்பைத் தேடித்தந்தன. எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்த சார்டின், முதுமையில் கண்பார்வை குன்றியதால் பாஸ்டலுக்கு மாறினார். மூக்குக்கண்ணாடி அணிந்த அவரது தன்னுருவப் படம் 1771 இல் வரையப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டில் எட்கர் டெகா அச்சுப்படங்களின் மேல் பாஸ்டல் தீட்டினார். தூளை நீராவியில் குழைத்துத் தூரிகையால் பூசினார். ஓர் அடுக்கின் மேல் பிசின் திரவம் தெளித்து, அது காய்ந்தபின் அடுத்த அடுக்கை வரைந்தார்.

இந்தியாவில்

அவனீந்திரநாத் தாகூர் 1890களில் கல்கத்தாவில் இத்தாலிய ஓவியர் கிலார்டியிடம் பாஸ்டலும், சார்லஸ் பால்மரிடம் எண்ணெய் வண்ணமும் கற்றார். 1884 முதல் சென்னைக் கலைப்பள்ளியை நடத்திய ஈ. பி. ஹாவெல், 1896 இல் கல்கத்தா ஓவியப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். அவரது ஊக்கத்தால் அவனீந்திரநாத்தின் கவனம் முகலாயச் சிற்றோவியங்களின் பக்கம் திரும்பியது. பின்னர் ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து நீர்வண்ணத்தைக் கழுவிக் கழுவித் தீட்டும் முறையையும் அறிந்துகொண்டார். சுதேசி இயக்கம் எழுந்த 1905 இல் அவர் வரைந்த 'பாரத மாதா' நீர்வண்ண ஓவியமாகும். ஐரோப்பியப் பாணியை விலக்கிய வங்காள ஓவிய மரபின் முன்னோடியாக விளங்கியபோதும், அவர் பாஸ்டலைக் கைவிடவில்லை; பின்னாட்களிலும் உருவப்படங்களுக்கு அதைப் பயன்படுத்தினார். ஒரு பாணியை மறுப்பதும் ஒரு வண்ணப்பொருளை மறுப்பதும் ஒன்றல்ல என்பதை அவரது ஓவிய வாழ்வு காட்டுகிறது.

பாதுகாப்பு

பாஸ்டல் ஓவியம் முடிந்த பின்னும் தூளாகவே இருக்கும். பிசின் திரவத்தை மிகுதியாகத் தெளித்தால் தூள் நிலைக்கும். ஆனால் வண்ணம் கருத்து, பளிச்சென்ற தன்மை மங்கும். ஆகவே ஓவியத்தின் மேல் படாதவாறு சிறு இடைவெளி விட்டுக் கண்ணாடிச் சட்டமிடுவதே நல்ல வழி. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரத் தொழிற்பகுதிகளில் இது இன்னும் தேவையானது. ஈரக்காற்றால் தாளில் பூஞ்சை பிடிக்கும். காற்றில் வரும் தூசு ஓவியத்தில் படிந்தால், வண்ணத்தைக் கலைக்காமல் அதை மட்டும் துடைத்தெடுக்க முடியாது.