கஞ்சாப் பிசினும் செறிவுப் பொருள்களும்

கஞ்சாச் செடியின் பெண் பூங்கொத்துகளில் ஊறும் பிசினை இலை, தண்டு, நார் ஆகியவற்றிலிருந்து பிரித்துத் திரட்டிய பொருள்களைக் கஞ்சாச் செறிவுப் பொருள்கள் என்பர். இமயமலைச் சாரலில் உள்ளங்கையால் தேய்த்து எடுக்கும் சரஸ், மேற்காசியாவிலும் மொராக்கோவிலும் சலித்து அழுத்தும் ஹஷீஷ், பத்தொன்பதாம் நூற்றாண்டு மருந்துக் கடைகளில் விற்ற சாராயச் சாறாகிய டிங்சர், இன்றைய கஞ்சா எண்ணெய், ஷாட்டர், ரோசின், டிஸ்டிலேட் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் வரலாற்றில் இரண்டு முயற்சிகள் இணையாக ஓடுகின்றன. பிசினைச் செடியிலிருந்து பிரிப்பது ஒன்று. பிரித்ததன் வீரியத்தை அளந்து அறிவது மற்றொன்று. முதலாவது வேகமாக வளர்ந்தது. இரண்டாவது எப்போதும் பின்தங்கியே வந்தது. கஞ்சா மருந்து செல்வாக்கு இழந்ததற்கும் கஞ்சாப் போதை இன்று புதிய தீங்குகளை விளைப்பதற்கும் இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

செடியும் பிசினும்

கஞ்சாவில் ஆண் செடியும் பெண் செடியும் பெரும்பாலும் தனித்தனியே வளரும். பெண் பூவைச் சூழ்ந்த சிற்றிலைகளின் மேல் நரை படர்ந்ததுபோல் தெரிபவை நுண்ணிய சுரப்பி மயிர்கள். ஒவ்வொன்றும் ஒரு காம்பும் அதன் நுனியில் ஓர் உருண்டைத் தலையும் கொண்டது. தலையின் குறுக்களவு பொதுவாக மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. பிசின் சேர்வது அந்தத் தலைக்குள்தான். போதை தரும் டி.எச்.சி., போதை தராத சி.பி.டி., மணம் தரும் டெர்பீன்கள் ஆகியவை அதில் அடங்கும்.

பச்சைச் செடியில் டி.எச்.சி. அமில வடிவில் இருப்பதால் அது போதை தருவதில்லை. வெப்பம் பட்டால்தான் வீரிய வடிவுக்கு மாறும். புகைப்பதும் சமைப்பதும் இந்த மாற்றத்தை நிகழ்த்துகின்றன. பிசினுக்கு வேறு இரண்டு இயல்புகளும் உண்டு. காய்ந்த அல்லது குளிர்ந்த செடியில் சுரப்பித் தலைகள் எளிதில் முறிந்து உதிரும். பிசின் நீரில் கரையாது; கொழுப்பிலும் சாராயத்திலும் கரையும். இன்றுவரை கண்டறியப்பட்ட முறைகளில் பெரும்பாலானவை இவ்விரு இயல்புகளில் ஒன்றைப் பற்றியே அமைந்தவை.

கையும் சல்லடையும்

மிக எளிய முறை கையால் தேய்ப்பது. இமாச்சலப் பிரதேசத்தின் பார்வதி பள்ளத்தாக்கிலும் அதை ஒட்டிய மலாணா கிராமத்திலும் நேபாள மலைகளிலும், வயலில் நிற்கும் பூங்கொத்துகளை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுவார்கள். கையில் ஒட்டிய கறுத்த பிசினைச் சுரண்டித் திரட்டினால் சரஸ். ஒருவர் நாள் முழுவதும் உழைத்தாலும் கிடைப்பது சில கிராம்தான். பச்சைச் செடியிலிருந்து எடுப்பதால் ஈரமும் இலைத் துகளும் சேர்ந்தே வரும்.

மழை குறைந்த வறண்ட நாடுகளில் வேறு முறை பிறந்தது. அறுவடை செய்த செடியை நன்றாகக் காயவைத்து, துணியின் மேலோ சல்லடையின் மேலோ தட்டி, உதிரும் பொடியைச் சேர்த்தார்கள். அதை அழுத்திக் கட்டியாக்கியது ஹஷீஷ். ஆப்கானிஸ்தானும் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கும் இதற்குப் பெயர் பெற்றவை. மொராக்கோவின் ரிஃப் மலையில் அரிந்த பூவைப் புகையிலையோடு கலந்து புகைக்கும் வழக்கமே பழையது. அங்கே சலித்தெடுக்கும் தொழில் ஐரோப்பியத் தேவையை ஒட்டி 1960களுக்குப் பின்னரே பெருகியது.

பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வந்த சரஸில் பெரும்பங்கு மத்திய ஆசியாவின் யார்க்கந்துப் பகுதியிலிருந்து வந்தது. சலித்த பொடி தோல் பைகளில் ஏறி, காரகோரம் கணவாய் கடந்து, லே வழியாகப் பஞ்சாபின் சந்தைகளுக்கு இறங்கியது. அரசு அதற்கு வரி வாங்கிக் களஞ்சியங்களில் வைத்து விற்க அனுமதித்தது. 1930களின் நடுவில் சீன நிர்வாகத்தின் தடையால் அந்த வணிகம் முடிந்தது. தென்னாட்டில் சரஸுக்குப் பெரிய இடம் இருந்ததில்லை. இங்கே புழங்கியது பூங்கொத்தாகிய கஞ்சா. வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலையில் உரிமம் பெற்றுப் பயிரிட்ட காலமும் உண்டு.

நெய்யும் சாராயமும்

கொழுப்பில் கரையும் இயல்பைச் சமையல்காரரும் வைத்தியரும் வேதியியலாருக்கு முன்பே பயன்படுத்தினார்கள். இலையையோ பூவையோ நெய்யில் காய்ச்சி, சர்க்கரையும் பாலும் சேர்த்துக் கிளறிய மஜூன் வட இந்தியாவில் பரவலாக விற்றது. ஆயுர்வேத, யுனானி, சித்த மருத்துவங்களிலும் கஞ்சா சேர்ந்த லேகியங்களும் சூரணங்களும் உண்டு.

ஐரோப்பிய மருத்துவத்துக்கு இதைக் கொண்டுசென்றவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த அயர்லாந்து மருத்துவர் வில்லியம் புரூக் ஓ'ஷாக்னஸி. நாட்டு வைத்தியர்களிடம் கேட்டறிந்து, கஞ்சாவைச் சாராயத்தில் ஊறவைத்துப் பிசினைப் பிரித்தார். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1839இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் மூட்டுவாதம், காலரா, இழுப்பு நோயான டெட்டனஸ் முதலியவற்றில் கிடைத்த அனுபவங்கள் உள்ளன. பிறந்து நாற்பது நாளான ஒரு சிசுவின் வலிப்பைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்த டிங்சரால் தணித்ததையும் பதிவுசெய்தார். மூட்டுவாத நோயாளிகள் மூவருக்கு ஒரே அளவு கொடுத்தபோது ஒருவர் மட்டும் உடல் விறைத்துக் கிடந்ததையும் அவர் மறைக்கவில்லை. அளவு பற்றிய சிக்கல் முதல் அறிக்கையிலேயே வெளிப்பட்டுவிட்டது.

1840களில் லண்டன் மருந்தாளர் பீட்டர் ஸ்குவயர் இந்தச் சாற்றை விற்பனைக்குத் தயாரித்தார். பிரிட்டிஷ், அமெரிக்க மருந்து நூல்களில் கஞ்சாச் சாறும் டிங்சரும் இடம்பெற்றன. ஆனால் ஒரு புட்டியின் வீரியம் அடுத்த புட்டியில் இருக்கவில்லை. செடியின் இனம், விளைந்த ஆண்டு, கப்பலில் கழிந்த மாதங்கள் எல்லாம் அதை மாற்றின. இங்கிலாந்து மருத்துவர் ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் 1890இல் தமது முப்பதாண்டு அனுபவத்தை எழுதியபோது, மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல உயர்த்த வேண்டும் என்று வலியுறுத்தியதற்கு இதுவே காரணம். ஊசிமருந்து பரவியதும், நீரில் கரையாத கஞ்சா பின்னுக்குப் போனது. 1932இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்தும் 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க மருந்து நூலிலிருந்தும் அது விலகியது.

விசாரணையும் தடையும்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியை அடுத்து 1893இல் இந்திய கஞ்சா விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் மாக்வொர்த் யங். உறுப்பினர்களில் மூவர் இந்தியர். பல மாகாணங்களில் 1,193 சாட்சிகளை விசாரித்து, பைத்தியக்கார விடுதிகளின் ஏடுகளையும் புரட்டிப் பார்த்து, 1894இல் பல தொகுதிகளாக அறிக்கை தந்தார்கள். கஞ்சாவால் பித்துப் பிடித்தது என்று எழுதப்பட்ட பல பதிவுகளுக்கு ஆதாரம் இல்லை என்று கண்டார்கள். மிதமான பயன்பாடு பெரும்பாலும் தீங்கற்றது, மிகைப் பயன்பாடு தீங்கானது என்றார்கள். தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்பது அவர்கள் முடிவு.

உலக அரங்கில் காற்று வேறு திசையில் அடித்தது. 1925இல் ஜெனீவா மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி எல் குயிந்தி ஹஷீஷுக்கு எதிராக உறுதியாக வாதிட்டார். பிசினின் ஏற்றுமதியும் சாறு, டிங்சர் ஆகியனவும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை கஞ்சாவையும் பிசினையும் மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. ஆப்கானிஸ்தானும் நேபாளமும் 1973இல் தடை விதித்தன. காட்மாண்டுவில் உரிமத்தோடு நடந்த ஹஷீஷ் கடைகள் மூடின.

வீரியத்தைத் தேடிய வேதியியல்

கேம்பிரிட்ஜில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு ஆகிய மூவர் 1890களில் ஆராய்ந்தது இந்தியச் சரஸை. அதிலிருந்து கன்னாபினாலைப் பிரித்தார்கள். ஆனால் அது பிசின் பழசாகும்போது உருவாவது; போதையின் மூலம் அதுவன்று. 1940இல் அமெரிக்காவின் ரோஜர் ஆடம்ஸ் சி.பி.டி.யைப் பிரித்தார். இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம், காவல்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த 5 கிலோ லெபனான் ஹஷீஷைப் பெற்று ஆராய்ச்சி தொடங்கினார். அவரும் யெஹியேல் காவோனியும் 1964இல் டி.எச்.சி.யின் அமைப்பைத் தெளிவாக்கினார்கள். ஓ'ஷாக்னஸியின் அறிக்கைக்கும் இந்தக் கண்டுபிடிப்புக்கும் இடையே 125 ஆண்டுகள். அத்தனை காலமும் மருத்துவர் தாம் கொடுக்கும் மருந்தில் வேலை செய்வது எது என்றே அறியாமல் கொடுத்தார்கள்.

கரைப்பான்களின் காலம்

1970களில் கஞ்சா எண்ணெய் கள்ளச் சந்தையில் பரவியது. கரைப்பானால் பிசினை இழுத்து, கரைப்பானை ஆவியாக்கிய பின் எஞ்சும் கெட்டியான திரவம் அது. ஒரு மூட்டைச் செடியின் வீரியம் ஒரு புட்டியில் அடங்கியதால் கடத்துவோருக்கு வசதியாயிற்று. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வரும் இந்த எண்ணெயைத் தமிழகத்தில் காவல்துறையினர் இன்றும் பறிமுதல் செய்கிறார்கள்.

சல்லடை முறையும் புதுமை பெற்றது. ஆம்ஸ்டர்டாமில் மீலா யான்சன் 1994இல் துணி உலர்த்தும் எந்திரத்தைப் பார்த்து, செடியை உருட்டிச் சலிக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். பின்னர் பனிக்கட்டி நீரில் கலக்கி, நுண்துளைப் பைகளில் வடிக்கும் முறை பரவியது.

வட அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சாவும் பிறகு பொழுதுபோக்குக் கஞ்சாவும் சட்டபூர்வமானபோது செறிவுப் பொருள் பெருந்தொழிலாயிற்று. கொலராடோவில் 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. பியூட்டேன் வாயு, கரியமில வாயு, எத்தனால் ஆகியவற்றால் பிரிக்கும் ஆலைகள் எழுந்தன. வீட்டிலேயே பியூட்டேனைக் கையாண்டவர்கள் வெடிவிபத்தில் சிக்கிக் கடும் தீக்காயங்களோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலர் உயிரிழந்தார்கள்.

இன்றைய வடிவங்கள்

கீஃப் என்பது அழுத்தாத சுரப்பிப் பொடி. சரஸ், ஹஷீஷ், பனிநீர் ஹஷீஷ் மூன்றும் கரைப்பான் படாதவை. சூடும் அழுத்தமும் மட்டும் கொண்டு பிழியும் ரோசினும் அப்படியே.

பியூட்டேனால் பிரித்தது கண்ணாடித் தகடுபோல் உறைந்தால் ஷாட்டர். மெழுகுபோல் குழைந்தால் வாக்ஸ் அல்லது பட்டர். உதிரும் பதத்தில் இருந்தால் கிரம்பிள். பெயர்கள் பதத்தைச் சொல்கின்றனவே தவிர வீரியத்தைச் சொல்வதில்லை. உலர்த்தாமல் உறையவைத்த செடியிலிருந்து எடுப்பது லைவ் ரெசின். அதில் டெர்பீன்களும் மணமும் கூடுதலாகத் தங்கும். டிஸ்டிலேட் என்பது காய்ச்சி வடித்த, மணமற்ற எண்ணெய். ஆவியாக்கி உறிஞ்சும் வேப் குப்பிகளிலும் தின்பண்டங்களிலும் பெரும்பாலும் சேர்வது இதுவே. ஐசோலேட் என்பது ஒரே ஒரு சேர்மத்தைத் தூளாகவோ படிகமாகவோ பிரித்தது.

அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் டி.எச்.சி.யின் சராசரி 1995இல் ஏறத்தாழ 4 சதவீதம். 2014இல் ஏறத்தாழ 12. கடைகளில் விற்கும் செறிவுப் பொருள்கள் பலவற்றில் அது 60 முதல் 90 சதவீதம் வரை போகிறது.

உடல்நலம்

வீரியம் கூடும்போது தவறுக்கான இடம் குறைகிறது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், 10 சதவீதமும் அதற்கு மேலும் டி.எச்.சி. உள்ள கஞ்சாவை அன்றாடம் பயன்படுத்தியவர்களுக்கு மனப்பிறழ்வு நோய் நேரும் வாய்ப்பு, என்றும் பயன்படுத்தாதவர்களை விட ஏறத்தாழ ஐந்து மடங்காகத் தெரிந்தது. அங்கே அளவுகோல் 10 சதவீதம். அதைப் போல் பல மடங்கு வீரியமுள்ள பொருள்களின் நீண்டகால விளைவை அறிய ஆய்வுகள் இன்னும் போதவில்லை. மூளை வளர்ந்துகொண்டிருக்கும் இளம் வயதினருக்கு அபாயம் மேலும் அதிகம். தீராத வாந்தி, அடிமைத்தனம், இதயப் படபடப்பு ஆகியவையும் உண்டு.

2019இல் அமெரிக்காவில் வேப் குப்பிகளால் ஒரு நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரி வரை மருத்துவமனையில் சேர்ந்தோர் அல்லது இறந்தோர் என 2,807 பேர் பதிவானார்கள். அவர்களில் இறந்தோர் 68 பேர். கள்ளச் சந்தைக் குப்பிகளில் எண்ணெயைக் கெட்டியாக்கக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. கொலராடோ அரசு 2021இல் சட்டம் இயற்றி, மருத்துவ அட்டை உள்ளவர் ஒரு நாளில் வாங்கக்கூடிய செறிவுப் பொருளை 40 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தது.

கனடாவின் ரிக் சிம்ப்சன் பரப்பிய எண்ணெய் புற்றுநோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. மனிதர்களிடம் நடந்த முறையான சோதனை எதுவும் அதை மெய்ப்பிக்கவில்லை. அதை நம்பி மருத்துவச் சிகிச்சையைக் கைவிடுவது உயிருக்கே ஆபத்து.

சட்ட நிலை

இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் சரஸ் என்ற வரையறைக்குள் ஹஷீஷ் எண்ணெயையும் சேர்த்துள்ளது. 100 கிராமுக்குக் குறைந்தால் சிறிய அளவு. 1 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை. பூங்கொத்தாகிய கஞ்சாவுக்கு அதே எல்லைகள் 1 கிலோ, 20 கிலோ. பூ சேராத இலை இந்த வரையறைக்கு வெளியே நிற்பதால், அந்த இலையிலிருந்து செய்யும் பாங்கு சில மாநிலங்களில் உரிமத்தோடு விற்கிறது.

2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், கஞ்சாவையும் பிசினையும் 1961 உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்க 27க்கு 25 என்ற வாக்கில் முடிவுசெய்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. முதல் பட்டியலின் கட்டுப்பாடு நீடிக்கிறது. சாறு, டிங்சர் என்ற தலைப்பை நீக்கும் பரிந்துரை தோற்றது.

அளவறிந்த மருந்து

செறிவுப் பொருள் முறையான மருந்தாகத் திரும்பியது, வீரியத்தைச் சீராக அளக்க முடிந்த பிறகே. பிரிட்டனில் 2010இல் அனுமதி பெற்ற சேட்டிவெக்ஸ், தண்டுவட மரப்பு நோயால் வரும் தசை இறுக்கத்துக்கு வாயில் பீச்சும் மருந்து. ஒரு பீச்சலில் 2.7 மில்லிகிராம் டி.எச்.சி.யும் 2.5 மில்லிகிராம் சி.பி.டி.யும் இருக்கும். அமெரிக்காவில் 2018 ஜூனில் அனுமதி பெற்ற எபிடியோலெக்ஸ், செடியிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய சி.பி.டி. கரைசல். டிராவே, லெனாக்ஸ் காஸ்டோ என்ற இரு கடுமையான குழந்தைப்பருவ வலிப்பு நோய்களுக்கு அது முதலில் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் என்பது அதன் கணக்கு. குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் அளவைக் குறிக்கிறார். மருந்தையும் நஞ்சையும் பிரிக்கும் கோடு இந்த அளவில்தான் இருக்கிறது. அளவு தெரியாத குப்பி எவ்வளவு தூய்மையாகத் தெரிந்தாலும் அது மருந்தாகாது.