வீட்டிலேயே மிக்ஸிங்: சேனல் ஸ்ட்ரிப் பிளகின் வாங்குவதற்கு முன் என்ன பார்க்கணும்?

வண்டன்மேட்டில் தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் இறங்கினால், மைக் உங்கள் குரலுக்கு முன் மழையைத்தான் பிடிக்கும். ஏலத்தோட்டங்களுக்கு நடுவே லேப்டாப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வைத்துப் பாட்டு செய்பவர்கள் வாங்கும் பிளகினை இந்த மழையை வைத்தே சோதித்துவிடலாம். எப்படி என்று பிறகு பார்ப்போம்.

சேனல் ஸ்ட்ரிப் என்றால் என்ன?

ஸ்டுடியோ மிக்ஸிங் கன்சோலில் ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் தனித்தனியாக ஒரு வரிசைத் திருகுகள் இருக்கும். கேட், கம்ப்ரஸர், ஈக்யூ எல்லாம் அதிலேயே அடக்கம். அதை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்தால் சேனல் ஸ்ட்ரிப் பிளகின். 1970களின் இறுதியில் வந்த எஸ்எஸ்எல் 4000 இ கன்சோலைப் பார்த்துச் செய்தவைதான் சந்தையில் அதிகம். நீவ் 1073-ஐப் பின்பற்றுபவையும் உண்டு. ஆனால் மூல 1073-இல் பிரீஆம்ப்பும் ஈக்யூவும் மட்டும்தான். அதன் நகலை வாங்கினால் கம்ப்ரஸருக்குத் தனியாக ஏற்பாடு செய்யணும்.

மழைச் சத்தம் என்ன ஆகும்?

கம்ப்ரஸர் உரத்த இடங்களை அடக்கும். பிறகு மொத்த அளவைக் கூட்டும்போது பின்னால் இருந்த மழையும் சேர்ந்து மேலே வரும். கேட் போட்டால் வரிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி அமைதியாகும். பாடும்போது கலந்த மழை போகாது. கேட் படீரென மூடினால் மழை விட்டுவிட்டுக் கேட்கும், அது இன்னும் மோசம். அதனால் எவ்வளவு குறைக்கணும், எவ்வளவு மெதுவாக மூடணும் என்று மாற்ற வசதியுள்ளதா என்று பாருங்கள். கேட்டே இல்லாத ஸ்ட்ரிப் நம்ம ஊருக்கு ஒத்துவராது. மழை விட்டபிறகு பதிவு செய்வதற்கு ஈடான பிளகினும் கிடையாது.

லைசென்ஸில் என்ன சிக்கல்?

பலரும் கவனிக்காத இடம் இது. சில நிறுவனங்கள் ஐலாக் முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் கிளவுட் வழியாகத் திறந்தால், வேலை முடியும்வரை இணையம் இருக்கணும். நெட் போனால் பிளகினும் நின்றுபோகும். கணினியிலேயே பதியும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மாதச் சந்தாவிலும் ஜாக்கிரதை: 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது.

காசு கொடுக்காமல் முடியுமா?

முடியும். ரீப்பரை 60 நாள் இலவசமாகச் சோதிக்கலாம். அதிலேயே உள்ள ரீகேட், ரீகாம்ப், ரீஈக்யூ மூன்றையும் வரிசையாக அடுக்கிச் சேமித்தால் உங்கள் சொந்த ஸ்ட்ரிப் தயார். அனலாக் அப்செஷன் வெளியிடும் பிரிட்சேனல் இலவசம்.

பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால் முதலில் ட்ரையல் போடுங்கள். உங்கள் மழைப் பதிவு ஒன்றில் பிளகினை ஆன், ஆஃப் செய்து, இரண்டின் சத்த அளவையும் சமமாக வைத்துக் கேளுங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை 'நல்லா இருக்கு' என்று நம்பிவிடும். பழைய லேப்டாப் என்றால் 20 டிராக்கில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.