பொதுப்பணித் துறை (தமிழ்நாடு)
அரசுக் கட்டடங்களைக் கட்டிப் பராமரிக்கும் மாநிலத் துறை. பேச்சு வழக்கில் பி.டபிள்யூ.டி. ஒரு காலத்தில் சாலை, பாலம், பாசனம் அனைத்தும் இதன் பொறுப்பே. சென்னை மாகாணத்தில் ஏரி, கால்வாய் செப்பனிடும் பணி முதலில் வருவாய் நிர்வாகத்தின்கீழ் ‘மராமத்து’ என நடந்தது. பொதுப்பணிகளில் ராணுவ வாரியத்துக்கும் தனிப் பங்கிருந்தது. இச்சிதறலை 1852-இல் மாகாண ஆணையம் குறைகூறியது. தலைமை ஆளுநர் டல்ஹவுசியின் ஆட்சிக்காலத்தில், 1850-களின் நடுவில், பணிகள் ஒரே துறையில் இணைந்தன. பெரியாற்று நீரைக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய முல்லைப் பெரியாறு அணை (1895), பொறியாளர் பென்னிகுயிக் மேற்பார்வையில் இத்துறை முடித்த பெரும்பணி. விரிவைப் போலவே சுருக்கமும் இதன் வரலாறுதான்: 1946-இல் நெடுஞ்சாலைகளும், 2021-இல் நீர்வளமும் தனித் துறைகளாயின.