தகப்பனின் வண்டி, பிள்ளையின் ஓட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ பதினாறு வயதை எட்டி, மோட்டார் ஓட்டும் லைசென்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நாள் அக்குடும்பத்துக்கு ஒரு சுபதினம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த மகிழ்ச்சி அடங்குவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து வந்து சேரும் புதிய பிரீமியக் கணக்கு, பெற்றோரைத் திடுக்கிட வைப்பதும் அவ்வளவு நிச்சயமாக நிகழ்கிறது. தம் மகன் இன்னும் ஒரு தவறும் செய்யவில்லையே, அதற்குள் இத்தனை டாலர் அதிகமாகக் கேட்பது எந்த நியாயம் என்று மனம் நோகிற தகப்பனாருக்கு, அந்த இன்ஷூரன்ஸ் முதலில் யாரைக் காப்பாற்றுவதற்காக உண்டாயிற்று என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அதன் சரித்திரம் அறிந்துகொள்ளத் தக்கது.

மோட்டார் இன்ஷூரன்ஸ் பிறந்த காலத்தில் சாலைகள் குதிரைகளுக்கே உரியனவாக இருந்தன. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்த டிராவலர்ஸ் கம்பெனி, 1898-ஆம் ஆண்டில் பஃபலோ நகரத்து மருத்துவர் ஒருவருக்கு, அவருடைய வண்டியால் பிறருக்கு நேரக்கூடிய நஷ்டத்துக்குப் பொறுப்பேற்று ஒரு பாலிசி எழுதிக் கொடுத்தது. மோட்டாருக்கென்று தனி நிபந்தனைகள் ஏற்படாத காலம் அது. குதிரை வண்டிக்காரர்களுக்கு எழுதப்பட்டு வந்த பத்திரத்தையே சற்று மாற்றிப் பயன்படுத்தினார்கள். வண்டி வைத்திருந்தவர்கள் செல்வர்களும் மருத்துவர்களுமே ஆதலால், பிள்ளைகள் ஓட்டுவது என்ற பிரச்சினை அப்போது எழவே இல்லை.

அதை எழுப்பியது ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி. 1908-இல் வெளிவந்து, 1927-இல் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையான அந்த வண்டி, சாதாரணக் குடியானவன் வீட்டு வாசலிலும் வந்து நின்றது. வந்து நின்ற வண்டியை, வயலிலிருந்து தானியம் ஏற்றி வரவும், தங்கையைப் பள்ளியில் கொண்டு விடவும், ஞாயிற்றுக்கிழமை தாயை மாதாகோயிலுக்கு அழைத்துப் போகவும் வீட்டுப் பையனே ஓட்டினான். மாஸசூஸெட்ஸும் மிசௌரியும் 1903-இலேயே லைசென்ஸ் சட்டம் செய்தன என்றாலும், பல மாநிலங்கள் நெடுங்காலம் அதைப் பொருட்படுத்தவில்லை. தெற்கு டகோட்டாவில் 1954 வரை லைசென்ஸ் இன்றியே வண்டி ஓட்டலாம். தகப்பனார் அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததே பரீட்சையும் பட்டமும் ஆயின.

இந்த நிலையில்தான் நியாயஸ்தலங்களுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச் சட்டத்தின்படி, வேலைக்காரன் வேலையில் செய்த தவறுக்கு எஜமானன் பொறுப்பாளி. ஆனால் பிள்ளை செய்த தவறுக்கு, தகப்பன் என்ற ஒரே காரணத்தால் தகப்பன் பொறுப்பாளி ஆகமாட்டான். தெருவில் நடந்து போன ஒருவரைப் பதினாறு வயதுப் பையன் வண்டியால் மோதிக் காலை முறித்துவிட்டான் என்றால், அடிபட்டவர் அந்தப் பையன்மீது வழக்குத் தொடுத்து வெற்றியும் பெறலாம். பெற்று என்ன பயன்? பையனிடம் காசு ஏது? வண்டி தகப்பனுடையது, அதை வாங்கிய பணமும் தகப்பனுடையது, ஆனால் சட்டத்தின் பார்வையில் தகப்பன் வழிப்போக்கனைப் போல் ஒதுங்கி நின்றுவிடலாம் என்பது எவர் மனத்துக்கும் ஒவ்வாத அநீதியாக இருந்தது.

அதற்குப் பரிகாரமாகச் சில மாநிலங்களின் உயர்ந்த நீதிமன்றங்கள், வாஷிங்டனில் 1913-இலும், ஜார்ஜியாவில் 1915-இலும், டென்னஸியில் 1918-இலுமாக, ஒரு புதிய கொள்கையைக் கைக்கொண்டன. குடும்பத்தின் சௌகரியத்துக்காகவும் சந்தோஷத்துக்காகவும் கிரகஸ்தன் ஒரு வண்டியை வாங்கி வைத்து, வீட்டார் அதை ஓட்ட அனுமதித்தால், ஓட்டுகிற பிள்ளை அந்தக் குடும்ப காரியத்தில் தகப்பனுடைய பிரதிநிதியே ஆவான், ஆகவே அவன் செய்த நஷ்டத்துக்குத் தகப்பன் பதில் சொல்ல வேண்டும் என்பதே அது. மகன் தன் நண்பர்களோடு உல்லாசமாகச் சுற்றப் போவது தகப்பனுடைய காரியம் எப்படி ஆகும் என்று கேட்டு இதை மறுத்த நீதிபதிகளும் உண்டு. தர்க்கத்தில் அவர்கள் வாதமே வலுவானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அடிபட்டவரின் பக்கம் நின்று பார்க்கும்போது, தர்க்கத்தைச் சற்று வளைத்தாவது நியாயம் செய்ய முன்வந்த நீதிபதிகளையே நான் போற்றுகிறேன். நியூயார்க் நீதிமன்றம் இக்கொள்கையை ஏற்காதபோது, அம்மாநிலச் சட்டசபை 1924-இல், சொந்தக்காரரின் அனுமதியோடு யார் ஓட்டினாலும் சொந்தக்காரரே பொறுப்பு என்று நேரடியாகவே சட்டம் செய்தது. 1926-இல் மாநிலங்களுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, வயது வராத பிள்ளையின் லைசென்ஸ் விண்ணப்பத்தில் கையொப்பமிடும் பெற்றோர், அந்தக் கையொப்பத்தினாலேயே பிள்ளையின் அஜாக்கிரதைக்கு ஜாமீன் ஆகின்றனர் என்று விதித்தது. பல மாநிலங்கள் இதைத் தழுவிக்கொண்டன. இன்றும் அங்கே பெற்றோர் இடும் அந்தக் கையொப்பத்தின் கனம், இட்டவர்களில் பலருக்குத் தெரியாது.

பொறுப்பைச் சுமத்துவது ஒன்று. பொறுப்பாளியிடம் பணம் இருப்பது வேறொன்று. இதை முதலில் உணர்ந்து செயலாற்றிய பெருமை மாஸசூஸெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. அண்டை மாநிலமான கனெக்டிகட் 1925-இல் ஒரு சட்டம் செய்தது. அதன்படி, ஒரு விபத்தில் சம்பந்தப்பட்டவனே இனி நஷ்டஈடு கொடுக்கும் சக்தி தனக்கு உண்டு என்று காட்ட வேண்டும். முதல் விபத்தில் கால் முறிந்தவனுக்கு அதனால் என்ன லாபம்? அதே ஆண்டில் மாஸசூஸெட்ஸ் நிறைவேற்றி, 1927 ஜனவரி 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்த சட்டம், இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிக்குப் பதிவே கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஒருவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால் 5,000 டாலர், ஒரே விபத்தில் பலருக்கு நேர்ந்தால் 10,000 டாலர் வரை பாலிசி இருக்க வேண்டும். சொந்தக்காரரின் சம்மதத்தோடு ஓட்டுகிற எவருடைய தவறுக்கும் அந்தப் பாலிசி பதில் சொல்ல வேண்டும். தகப்பனாரின் வண்டியை எடுத்துப் போகும் மகன் இவ்விதமாகச் சட்டத்தின் குடைக்குள் வந்தான். மறு ஆண்டு, 1928-இல், வண்டி யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவருடைய பொறுப்பிலேயே அது ஓட்டப்பட்டது என்று முதற்கண் கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவரே நிரூபிக்கட்டும் என்று மற்றொரு சட்டமும் வந்தது. வழக்கில் நிரூபிக்கும் பாரத்தை, கட்டிலில் கிடக்கும் காயம்பட்டவரின் தலையிலிருந்து இறக்கி வண்டிக்காரரின் தலைக்கு மாற்றிய அந்தச் சிறிய சட்டத்தின் நன்மை பெரிது.

வியப்பு என்னவென்றால், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே கட்டாய இன்ஷூரன்ஸை எதிர்த்தன. எல்லோரும் வாங்கியே தீர வேண்டும் என்றால், விலையை நிர்ணயிக்கும் உரிமையைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று அவர்கள் அஞ்சினார்கள். மாஸசூஸெட்ஸில் அப்படியேதான் நடந்தது. பாஸ்டனில் இருப்பவன் அதிகமும் கிராமத்தில் இருப்பவன் குறைவும் கொடுப்பதா என்ற சண்டை ஆண்டுதோறும் அரசியல் மேடையில் ஏறியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆதரவில் கூடிய ஒரு குழு, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியால் அடிபட்டவர்களுக்கு ஈடு கிடைப்பதே அரிது என்று 1932-இல் எடுத்துக்காட்டிய பிறகும், மற்ற மாநிலங்கள் அசையவில்லை. முப்பது ஆண்டுகள் மாஸசூஸெட்ஸ் தனியாகவே நின்றது. 1957-இல் நியூயார்க்கும், 1958-இல் வட கரோலினாவும் அதன் வழியைப் பின்பற்றின.

இதற்கிடையில் கம்பெனிகள் வயதைக் கணக்கில் எடுக்கத் தொடங்கின. தபால் மூலம் வியாபாரம் செய்த சியர்ஸ் ஸ்தாபனம் 1931-இல் தொடங்கிய ஆல்ஸ்டேட் கம்பெனி, ஓட்டுபவரின் வயது, ஓடும் தூரம், வண்டியின் உபயோகம் ஆகியவற்றைக் கொண்டு 1939-இல் விகிதம் வகுத்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இந்த வழக்கம் எங்கும் பரவி, இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஆண் ஓட்டினால் ஒரு விகிதம், பெண் ஓட்டினால் வேறு விகிதம், ஆண் மணமாகாதவனாய் இருந்தால் இன்னும் அதிகம் என்று வகுப்புகள் கிளைத்தன. கலியாணம் செய்துகொண்ட இளைஞனுக்குப் பிரீமியம் குறைந்தது. பின்னர், பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குகிற மாணவனுக்கும் குறைந்தது. இளைஞர்கள் விபத்துக்கு அதிகம் ஆளாகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நிதானமாக ஓட்டும் ஒரு பையன், தன் வயதினர் அனைவருடைய அவசரத்துக்கும் சேர்த்துத் தன் தகப்பனைப் பணம் கட்ட வைப்பது மனச்சாட்சியை உறுத்தாமல் இருக்க முடியாது.

கற்பித்தால் திருந்தும் என்ற நம்பிக்கை ஒருபுறம் வளர்ந்தது. பென்ஸில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில், ஏமஸ் நைஹார்ட் என்ற பேராசிரியர் 1934-இல், தம்முடைய சொந்த வண்டியையே கொண்டுவந்து மாணவர்களுக்கு ஓட்டக் கற்பித்தார். அவரிடமிருந்து அந்தப் பாடம் நாடெங்கும் பள்ளிகளுக்குப் பரவியது. படித்து வந்தவர்களுக்குக் கம்பெனிகள் பிரீமியத்தில் தள்ளுபடியும் தந்தன. ஆனால் ஜார்ஜியாவின் டிகாப் வட்டாரத்தில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1983-இல் வெளிவந்தபோது, பாடத்தினால் நிலைத்த பலன் காணப்படவில்லை. கனெக்டிகட்டில் சில ஊர்கள் பாடத்தை நிறுத்தியபோது, பதினாறு, பதினேழு வயதில் லைசென்ஸ் வாங்குவோரின் தொகையும் அவர்களுடைய விபத்துகளும் சேர்ந்தே குறைந்தன. பாடம் சாலைக்குச் சீக்கிரம் அனுப்பியதே தவிர, அனுபவத்தைத் தந்துவிடவில்லை. ஆசிரியர்களின் நல்லெண்ணத்தை இது குறைக்காது. முப்பது மணி நேரப் பாடத்தால் தர முடிந்தது அவ்வளவே.

இந்த உண்மையைச் சட்டமாக்கியதும் மாஸசூஸெட்ஸே. 1970-களின் இறுதியில் அம்மாநிலம், வயதையும் ஆண் பெண் பேதத்தையும் மணவாழ்வையும் பிரீமியக் கணக்கிலிருந்து நீக்கி, எத்தனை ஆண்டு ஓட்டிய அனுபவம் என்பதை அளவாகக் கொண்டது. நாற்பது வயதில் முதன்முதலாக ஓட்டத் தொடங்குபவரும் பதினாறு வயதுப் பையனும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர். இதனினும் நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அதன்பின், நியூஜிலாந்து 1987-இலும் ஃப்ளோரிடா 1996-இலும் காட்டிய வழியில், லைசென்ஸைப் படிப்படியாக அளிக்கும் முறையை அம்மாநிலம் 1998-இல் ஏற்று, 2007-இல் அதை மேலும் இறுக்கியது. இப்போது அங்கே பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், நள்ளிரவு 12.30 முதல் காலை 5 மணி வரை பெற்றோர் உடனில்லாமல் ஓட்டக்கூடாது. முதல் ஆறு மாதம் உடன்பிறந்தார் தவிர வேறு சிறுவரை ஏற்றிச் செல்லக்கூடாது. மேற்பார்வையில் 40 மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். தாய் தந்தையரில் ஒருவரும் இரண்டு மணி நேர வகுப்பில் உட்கார வேண்டும். பழைய நாளில் அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்த தகப்பனாரிடம், சட்டம் இப்போது 40 மணி நேரம் கேட்கிறது.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. வண்டியை உண்மையில் ஓட்டுவது மகன் என்றால், அவன் பேரைப் பாலிசியில் மறைக்காதீர்கள். மறைத்த பாலிசியைக் கம்பெனி மறுக்க இடமுண்டு, அப்போது அடிபட்டவரும் நீங்களும் ஒருங்கே நிர்க்கதியாவீர்கள். சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தொகையோடும் நின்றுவிடாதீர்கள். 1927-இல் மாஸசூஸெட்ஸ் விதித்த 5,000 டாலர், 2025 ஜூலையில்தான் 25,000 ஆக உயர்ந்து நிற்கிறது. டாலரின் மதிப்பு இறங்கியிருப்பதைக் கணக்கிட்டால், அன்றைய 5,000 இன்றைய 25,000-ஐவிடப் பல மடங்கு பெரிய தொகை. அடிபட்டவருக்குச் சட்டம் அன்று உறுதி செய்ததைவிட இன்று உறுதி செய்வது குறைவு என்பதால், அந்தக் குறையை நிரப்ப வேண்டியவர்கள், பிள்ளையின் விண்ணப்பத்தில் கையொப்பமிடுகிற நீங்கள்தான்.