எல்லை கடந்த பந்துகள்

எல்லை என்னும் சொல்லை ஓசூர் மக்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது; மொழி மாறுகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பின் பொருட்டு அதைக் கடந்து மீள்கின்றனர். ஆட்டக்களத்திலோ எல்லையைக் கடப்பதே ஒரு வெற்றி. அமெரிக்கரின் பேஸ்பாலில் வேலி தாண்டும் அடி 'ஹோம் ரன்' எனப்படும். கிரிக்கெட்டில் அதுவே 'சிக்சர்'.

இந்திய மண்ணில் இவ்வீரத்தின் தொடக்க நாயகர் சி.கே. நாயுடு. 1926 திசம்பரில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த எம்.சி.சி. அணிக்கு எதிராக இந்துக்கள் அணியின் சார்பில் ஆடி 153 ஓட்டங்கள் குவித்தார்; அவற்றுள் சிக்சர்கள் மட்டும் 11. ஆண்ட இனத்தாரை ஆளப்பட்ட இனத்தார் களத்தில் வென்று காட்ட முடியும் என்ற எண்ணம் அன்று கூடியிருந்தோர் நெஞ்சில் வேரூன்றியது. 1932இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியபோது அவரே தலைவர்.

1968 ஆகஸ்டு 31 அன்று, வேல்சு நாட்டின் சுவான்சியில், காரிபீல்டு சோபர்சு ஒரே ஓவரின் ஆறு பந்துகளையும் சிக்சராக்கினார். முதல்தர ஆட்டத்தில் அதற்குமுன் எவரும் செய்திராத செயல் அது. ஐந்தாம் பந்தைப் பிடித்த ரோஜர் டேவிசு, பிடித்தவாறே எல்லைக்கோட்டின்மேல் விழுந்தார். ஆகவே அதுவும் ஆறாயிற்று. 1985 சனவரி 10 அன்று பம்பாயில் பரோடாவுக்கு எதிராக ரவி சாஸ்திரி அதே அருஞ்செயலை நிகழ்த்தி, 113 நிமிடங்களில் இருநூறையும் எட்டினார்.

ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் சின்னசாமி மைதானம் இத்தகைய வியப்புகளுக்குப் பெயர்பெற்றது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சற்றே குறைவு; அடித்த பந்து கூடுதல் தொலைவு செல்லும். பேஸ்பாலுக்கு டென்வர் நகரம் எவ்வாறோ அவ்வாறே இது. இங்கு 2013 ஏப்ரல் 23 அன்று கிறிசு கெயில் 66 பந்துகளில் 175 ஓட்டங்கள் எடுத்தார், சிக்சர்கள் 17. அதே ஆண்டு நவம்பரில் ரோகித் சர்மா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 16 சிக்சர்களுடன் 209 எடுத்தார். 2022 நவம்பர் 21 அன்று தமிழக வீரர் நா. ஜெகதீசன் அருணாசலப் பிரதேசத்திற்கு எதிராக 141 பந்துகளில் 277 ஓட்டங்கள் குவித்தார், சிக்சர்கள் 15. சாய் சுதர்சனுடன் அவர் சேர்த்தவை 416. தமிழகம் 506 எடுக்க, அருணாசலம் 71இல் சுருண்டது.

இங்கே ஒன்று எண்ணத்தக்கது. அருணாசல அணி முதல்தர ஆட்டத்துள் நுழைந்ததே 2018இல்தான். அன்று பந்து வீசிய இளைஞர் ஒவ்வொருவரும், முந்தைய பந்து வேலியைத் தாண்டிய பின்னும், மீண்டும் ஓடிவந்து அடுத்த பந்தை வீசியாக வேண்டியிருந்தது. சாதனைப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

சோபர்சுக்குப் பந்து வீசியவர் மால்கம் நாஷ். வழக்கமாக மிதவேகப் பந்து வீசும் அவர், அன்று மெதுவான சுழற்பந்தைச் சோதித்துக் கொண்டிருந்தார். உலகம் அந்த ஆறு பந்துகளையே நினைவில் வைத்தது. ஆனால் அவர் தம் வாழ்நாளில் வீழ்த்திய முதல்தர விக்கெட்டுகள் 993. 1999 ஏப்ரல் 23 அன்று லாஸ் ஏஞ்சல்சில் பெர்னாண்டோ டாட்டிசு ஒரே இன்னிங்சில் இருமுறை, மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்க ஹோம் ரன் அடித்தார். மேஜர் லீக் வரலாற்றில் வேறெவரும் செய்திராதது அது. இரண்டு அடிகளையும் வாங்கிக்கொண்டவர் கொரிய வீரர் பார்க் சான் ஹோ ஒருவரே. அவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 124 வெற்றிகளுடன், ஆசியாவில் பிறந்த பந்துவீச்சாளருள் முதலிடம் பெற்றே மேஜர் லீக்கை விட்டு விலகினார்.

அடித்தவன் பெயரோடு வீசியவன் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் வரலாறு முழுமை பெறும். எல்லை கடந்த பந்தைக் கண்டு ஆரவாரிப்பது கூட்டத்தின் இயல்பு. அடுத்த பந்தைக் கையிலெடுத்து நடந்தவனையும் நோக்குவது கவிஞர் கடன்.