உப்புக் கரைசலும் மருத்துவரின் தயக்கமும்

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பொங்காவ் மருத்துவமனையில் காலரா கண்டு தரையெங்கும் கிடந்தபோது, நரம்புவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துவரக் கண்ட மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு கலந்த கரைசலை உறவினர்களே புகட்டும்படி செய்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குடல் குளுக்கோஸை உறிஞ்சும்போது சோடியமும், அதைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கின்றன என்ற அறிவே இதன் அடிப்படை.

1978இல் வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய உலகச் சுகாதார நிறுவனம், ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வகுத்த நெறிமுறை எளிமையானது: குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டு அது மெதுவாக மீள்கிறதா என்று பார்ப்பது, நீர்வறட்சி, அதாவது உடலில் நீரும் உப்பும் குறைந்த நிலை, ஓரளவே இருந்தால் எடையில் கிலோவுக்கு 75 மில்லிலிட்டர் கரைசலை 4 மணி நேரத்தில் கொடுப்பது. ஆயினும் பாட்டிலையும் ஊசியையுமே வைத்தியமாகப் பயின்ற மருத்துவர் பலருக்கு இது வைத்தியமாகவே படவில்லை. ஊசி போடாத டாக்டரை வீட்டாரும் எளிதில் மதிப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரத்தம் கலவாத சாதாரண வயிற்றுப்போக்குக்குத் தேவையற்ற ஆன்டிபயாடிக், மருந்துச் சீட்டில் நீடித்தது. 2004இல் பரிந்துரைக்கப்பட்ட துத்தநாக மாத்திரையோ அதே சீட்டில் மெல்லத்தான் இடம்பிடித்தது.