9999 இன் 1: விளையாடாத கேம்களின் வரலாறு

போன மாரியில ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கட கூட்டத்தில் நாலு பேர் அவரவர் ஸ்டீம் கணக்கைத் திறந்து கேம்களை எண்ணிப் பார்த்தோம். தொடங்கினது பகிடிக்குத்தான். முடிக்கேக்க ஒருத்தரும் சிரிக்கவில்லை. நாலு கணக்கிலும் சேர்த்து நானூறுக்குக் கிட்ட. அதில் பாதிக்கு மேல் ஒரு நிமிசம்கூட விளையாடாதவை. தரவிறக்கவே இல்லை. வாங்கின ஞாபகமே இல்லாத கேம்களும் கிடந்தன. ஒரே கேமை மூன்று பேர் தனித்தனியாக வாங்கி, மூன்று பேருமே தொடாமல் விட்டிருந்தோம்.

அன்றைக்கே ஒரு முடிவெடுத்தோம்: புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை, கிடக்கிறதை ஒவ்வொன்றாக விளையாடி முடிப்பது. அது எவ்வளவு தூரம் போனது என்பதைப் பிறகு சொல்லுறோம். அதற்கு முதல், இந்தக் குவியல் எப்படி வந்தது என்ற கேள்வி எங்களைப் பிடித்துக்கொண்டது. வீட்டில கேட்டால் சோம்பேறித்தனம் என்று சொல்லுவினம். சோம்பேறிகள் எல்லாக் காலத்திலும் இருந்தவைதான். ஆனால் விளையாடாத கேம் இருநூறு வைத்திருந்த சோம்பேறி 1995 இல் இருந்திருக்க முடியாது.

ஆங்கிலத்தில் இதற்குப் 'பேக்லொக்' என்று பெயர். சொல் அடுப்பங்கரையிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் கணப்படுப்பின் பின்பக்கம் வைக்கிற பெரிய மரக்கட்டையைத்தான் அப்படிச் சொன்னார்கள். முன்னால் உள்ள விறகு எரிந்து முடிந்தாலும் அது நின்று எரியும், நெருப்பை அணைய விடாது. பிறகு அது கையிருப்பு என்ற பொருளுக்குப் போய், 20ஆம் நூற்றாண்டில் முடிக்காத வேலை என்று மாறிவிட்டது. நல்ல சொல்லொன்று கெட்டுப்போன கதை. புத்தகம் வாங்கி வாசிக்காமல் அடுக்கி வைக்கிறதுக்கு ஜப்பானியரிடம் மெய்ஜி காலத்திலிருந்தே 'ட்சுண்டோகு' என்றொரு சொல் இருக்கிறது. கேம்களுக்கு 'ட்சுமிகே' என்பார்கள். எங்களுக்குள் நாங்கள் 'கிடப்பு' என்று சொல்லத் தொடங்கினோம். கந்தோர்களில் கோப்பு கிடப்பில் போடுற அதே கிடப்புத்தான்.

எங்கட அண்ணாமார் 'ரிவி கேம்' என்று சொன்னது, நிண்டெண்டோ 1983 இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகொம் இயந்திரத்தின் மலிவு நகல்களை. அதோடு வருகிற கசெட்டின் மேல் '9999 இன் 1' என்று பெரிதாக அடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடும். உண்மையில் உள்ளுக்கு இருந்தது கொஞ்சக் கேம்தான். மிச்சமெல்லாம் அதே மரியோ, அதே கொன்ட்ரா, வேற பெயரில் வேற கட்டத்திலிருந்து தொடங்கும். அந்தக் கொஞ்சத்தை அவர்கள் கரைத்துக் குடித்தார்கள். கொன்ட்ராவில் எந்த இடத்தில் எந்தத் துவக்கு விழும் என்பது மனப்பாடம். 9999 என்பது பொய். அந்தப் பொய்யை நம்பின காலத்தில் விளையாடாத கேம் என்று ஒன்று கையில் இருக்கவில்லை. இப்ப எண்ணிக்கை உண்மை, விளையாட்டைத்தான் காணவில்லை.

இதுகூட நாடு முழுவதுக்கும் பொதுவான கதை இல்லை. 1990 யூனில் திரும்பவும் யுத்தம் தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்தில் வருசக்கணக்காக மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்த பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு, ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு ரிவி கேம் என்பது கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரப் பெடியன் சொல்லுற கதை. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் கொம்பியூட்டரும் சீடியும் தாராளமாக வரத் தொடங்கின. எல்லாம் கள்ள சீடி என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒருத்தன் வைஸ் சிற்றி வாங்கினால் அது ஒழுங்கை முழுக்கச் சுற்றி, கீறல் விழுந்து, பற்பசை பூசித் துடைத்து, திரும்பவும் சுற்றும். குட்டி ஹெலிகொப்டரில் குண்டு கொண்டுபோய் வைக்கிற அந்த மிஷனில் முழு ஒழுங்கையும் மாட்டுப்பட்டு நின்றது எங்களுக்கு நல்ல ஞாபகம். யாராவது ஒருத்தன் கடந்தால் மற்றவர்கள் அவன் வீட்டு வாசலில் நிற்போம்.

அதே நேரத்தில், அமெரிக்காவில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 2003 செப்டெம்பரில் வால்வ் நிறுவனம் ஸ்டீமை வெளியிட்டது. கடையாக இல்லை, கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற தன் கேம்களுக்குத் திருத்தங்களை இணையம் வழியாக அனுப்புகிற ஒரு மென்பொருளாக. அடுத்த வருசம் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது, பெட்டியில் வாங்கினவர்களும் ஸ்டீமைப் போட்டேயாக வேண்டும் என்றார்கள். அப்போது சனம் திட்டித் தீர்த்தது. 'நான் காசு கொடுத்து வாங்கின கேமை விளையாட இவனிடம் ஏன் அனுமதி கேட்கவேணும்' என்பதுதான் வாதம். இருபது வருசம் கழித்து அந்தக் கேள்வி அப்படியே திரும்பி வரப்போகிறது, அதையும் சொல்லுறோம். 2005 இலிருந்து மற்ற நிறுவனங்களின் கேம்களும் ஸ்டீமில் விற்பனைக்கு வந்தன.

எங்கட கிடப்பின் பிறந்த நாள் என்று ஒன்றைச் சொல்லவேணுமென்றால் நாங்கள் 2009 பெப்ரவரியைச் சொல்லுவோம். அந்த மாதம் வால்வின் தலைவர் கேப் நியூவெல் ஒரு மாநாட்டில் தங்கட விற்பனைக் கணக்குகளை வெளியில் சொன்னார். விலையை 10 வீதம் குறைத்தபோது விற்பனை 35 வீதம் கூடியது. 75 வீதம் குறைத்தபோது 1,470 வீதம் கூடியது. லெஃப்ட் 4 டெட் கேமை அரை விலைக்குப் போட்டபோது 3,000 வீதம். பெட்டியில் விற்கிற கடைக்காரனுக்குப் பெட்டி அடிக்கவும் ஏற்றவும் செலவு உண்டு, ஒரு அளவுக்குக் கீழ் இறங்கமாட்டான். இங்க இன்னொரு பிரதி எடுக்கச் செலவே இல்லை. 2010 கோடையிலிருந்து பெரிய மலிவு விற்பனை வருசா வருசம் வருகிற திருவிழாவாகிவிட்டது. அதே 2010 மே மாதம் ஹம்பிள் இண்டி பண்டில் வந்தது: 'வேர்ல்ட் ஒஃப் கூ' உட்படச் சில கேம்களை ஒரு பொதியாக்கி, விரும்பின விலையைக் கொடு என்றார்கள். ஒரு கேமுக்காகப் பொதியை வாங்கினால் மற்றதெல்லாம் தானாகவே கணக்கில் ஏறும். கிடப்பு என்கிற பொருள் அந்தக் காலத்தில்தான் தொழிற்சாலை அளவில் உற்பத்தியானது.

2014 இல் ஆர்ஸ் டெக்னிக்கா தளம் ஸ்டீமின் பொதுத் தரவுகளை மாதிரி எடுத்துக் கணக்குப் பார்த்தது. பயனர்களின் கணக்குகளில் பதிவான ஏறத்தாழ 78 கோடிப் பிரதிகளில் 37 வீதம் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை. அதற்குப் பிறகு 2017 இல் 100 டொலர் கட்டினால் யாரும் ஸ்டீமில் கேம் வெளியிடலாம் என்றானது; 2024 இல் மட்டும் 18,000 க்கு மேல் வந்தன. எபிக் கடை 2018 டிசெம்பரில் தொடங்கி இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது.

எபிக் எங்கட கிடப்பில் பெரிய பங்காளி. 2020 மே மாதம் ஜிடிஏ 5 ஐ ஒரு கிழமைக்கு இலவசமாகப் போட்டார்கள். உலகமே ஓடிப்போய் விழுந்ததில் தளமே படுத்துவிட்டது. நாங்களும் கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தோம். கணக்கில் சேர்ப்பது ஒரு சொடுக்கு. ஆனால் கேம் 90 ஜிபிக்கு மேல். எங்களிடம் இருந்தது இரவு பன்னிரண்டுக்குப் பிறகு வருகிற நைட் டேட்டா. ஒருத்தன் ஆறு இரவு விழித்திருந்து இறக்கினான். ஏழாம் இரவு ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லை. மற்றவர்கள் 'பிறகு பார்ப்பம்' என்று விட்டோம். 'பிறகு பார்ப்பம்' என்பதுதான் கிடப்பின் தாரக மந்திரம்.

பிறகு 2022 வந்தது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. 200 ரூபாயாக இருந்த டொலர் 360 க்கு ஏறினது. ஸ்டீமில் இலங்கை ரூபாய் விலை கிடையாது, எல்லாம் டொலர். பத்து டொலர்க் கேம் திடீரென்று மூவாயிரத்து அறுநூறு ரூபாய். அந்த வருசம் நாங்கள் ஒன்றும் வாங்கவில்லை, ஒன்றும் விளையாடவுமில்லை. ஆனால் கரண்ட் வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நூலகத்தைத் திறந்து சும்மா மேலும் கீழும் உருட்டிப் பார்ப்போம். அந்த உருட்டலில் ஒரு ஆறுதல் இருந்தது. வீட்டில் அரிசிப் பானை நிறைந்திருப்பதைப் பார்க்கிற மாதிரி.

அந்தப் பானை எங்களுடையதில்லை என்பது பிறகுதான் உறைத்தது. யுபிசொஃப்ட் 2014 இல் விற்ற 'த க்ரூ' என்ற காரோட்டக் கேமின் சேர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக விளையாடுவதற்கும் சேர்வர் தேவைப்பட்டதால் கேம் அதோடு செத்துப்போனது. இதற்கு எதிராகத் தொடங்கிய 'ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனு 2025 யூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்ததை ஒட்டி, 2024 ஒக்டோபரிலிருந்து ஸ்டீம் காசு கட்டும் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறது: நீங்கள் வாங்குவது கேமை இல்லை, அதற்கான உரிமத்தை. ஹாஃப்-லைஃப் 2 காலத்தில் திட்டினவர்களுக்கான பதில் இருபது வருசம் பிந்தி, ஒரு வரியில் வந்தது. கீறல் விழுந்த எங்கட வைஸ் சிற்றி சீடி, கள்ள சீடியாக இருந்தாலும், இன்றும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

சரி, எங்கட வேலைக்கு வருவோம். ஒரு கேமை முடிக்க எத்தனை மணித்தியாலம் போகும் என்று சொல்ல 'ஹவ் லோங் டு பீட்' என்ற தளம் இருக்கிறது. அதைப் பார்த்துக் கணக்குப் போட்டோம். இருநூறு கேம், சராசரி பத்து மணித்தியாலம் என்று குறைவாக வைத்தாலும் இரண்டாயிரம். தினம் ஒரு மணித்தியாலம் விளையாடினால் ஐந்தரை வருசம். அந்த இடத்திலேயே அறுபது கேமை நூலகத்தில் 'மறை' என்று போட்டோம். சும்மா சொல்லவில்லை, அதுதான் இந்த முயற்சி முழுக்கலும் எங்களுக்குக் கிடைத்த பெரிய சந்தோசம். மிச்சத்தில் சின்னதுகளைப் பிடித்தோம். 'வட் ரிமெய்ன்ஸ் ஒஃப் ஈடித் ஃபிஞ்ச்' ஒரே இருப்பில் முடிந்தது. 'பிரதர்ஸ்' ஒரு பின்னேரம். இவ்வளவு நல்ல கேமை ஐந்து வருசம் ஏன் வைத்திருந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

ஒன்றை மட்டும் நாலு பேரும் தள்ளித் தள்ளிப் போட்டோம். 'திஸ் வோர் ஒஃப் மைன்.' போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014 இல் செய்தது. 1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையை வைத்து எழுதப்பட்டது. இதில் நீங்கள் படைவீரன் இல்லை. உடைந்த வீட்டில் ஒளிந்திருக்கிற சாதாரண சனம். பகலில் வீட்டைத் திருத்தி, மழைத்தண்ணி பிடித்து, இருக்கிறதைச் சமைக்கவேணும். இரவில் ஒருத்தர் வெளியே போய்ப் பொருள் தேடவேணும். 2020 இல் போலந்து அரசு இதைப் பாடசாலை மாணவருக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. மலிவு விற்பனையில் நாங்கள் எல்லாரும் வாங்கியிருந்தோம். எங்களில் ஒருத்தன் 2009 இல் வன்னியில் எட்டு வயசுப் பிள்ளை. அவன் கணக்கில் மட்டும் அந்தக் கேமுக்கு நேரே ஒரு எண் இருந்தது: 11 நிமிசம்.

நாங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு நாள் அவனே 'சேர்ந்து போடுவம்' என்றான். விசைப்பலகை எங்களிடம், அவன் பின்னால் கட்டிலில். முதல் ஷெல் சத்தம் கேட்டதும் அவன் சொன்னது, 'இவையள் ஏன் இன்னும் பங்கர் வெட்டேல்ல?' எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அவனும் சிரித்தான். பிறகு அவன் எல்லாத்திலும் பிழை கண்டுபிடித்தான். வயோதிபத் தம்பதி தனியாக இருக்கிற ஒரு வீடு வரும். அவர்களின் மருந்தைக் களவெடுத்தால் எங்கட ஆளைக் காப்பாற்றலாம். நாங்கள் எடுத்தோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தங்கட குடும்பத்துக்கு மாத்தளனில் ஒரு ஆள் அரைப் பை மா கொடுத்துவிட்டுப் போன கதையைச் சொன்னான். அந்த ஆள் யாரென்று இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் கேமைச் சேமித்துவிட்டு நிப்பாட்டினோம். அடுத்த கிழமை தொடர்ந்தோம், மூன்று கிழமையில் முடித்தோம். அவன் இப்ப தனியாக இரண்டாம் தரம் விளையாடுகிறான். இரவில் வெளியே போகேக்க ஒருநாளும் அந்த வீட்டுப் பக்கம் போறதில்லையாம்.

எட்டு மாசத்தில் பதினாலு முடித்தோம். மூன்று புதிதாக வாங்கிவிட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேணும்.

அடுத்ததாகப் பட்டியலில் நிற்பது 'இட் டேக்ஸ் டூ.' அதைத் தனியாக விளையாட முடியாது, கட்டாயம் இரண்டு பேர் வேணும். ஒருத்தர் வாங்கினால் மற்றவர் இலவசமாகச் சேரலாம். 2021 இல் எங்கட ஐந்தாம் ஆள் வாங்கினவன், அடுத்த வருசம் கனடாவுக்குப் போய்விட்டான். இங்க ஞாயிறு காலை ஏழு மணியென்றால் அங்க சனி இரவு ஒன்பதரை. போன கிழமை அவனுக்கு மெசேஜ் போட்டோம். 'டவுன்லோட் போடு, எத்தனை ஜிபி?' என்று கேட்டான். இங்க இப்ப நைட் டேட்டாவில் 62 வீதம் இறங்கியிருக்கு.